சி டிரைவ் நிரம்பிவிட்டது, டி காலியாகக் கிடக்கிறது: இடத்தை எப்படி மாற்றுவது?

கேள்வி இதுதான். 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப். சி டிரைவுக்கு 120 ஜிபி, மீதி டி டிரைவுக்கு. சி சிவப்பாகிவிட்டது, டி-யில் 250 ஜிபிக்கு மேல் காலி. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் டி-யை ஷ்ரிங்க் செய்து, அதாவது சுருக்கி, 100 ஜிபி எடுத்தாயிற்று. ஆனால் சி-யின் மேல் ரைட் கிளிக் செய்தால் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாகவே இருக்கிறது. அந்த 100 ஜிபியை சி-க்கு எப்படிக் கொடுப்பது? லினக்ஸும் போட ஆசை, அதற்கு எப்படிப் பிரிப்பது?

காலி இடம் இருக்கிறது, ஆனால் சி-க்குப் பக்கத்தில் இல்லை. அதுதான் சிக்கல். பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கில் ‘இந்த செக்டாரில் தொடங்கி இந்த செக்டாரில் முடிகிறது’ என்று எழுதி வைத்த ஒரு தொடர்ச்சியான துண்டு. ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் மனைகளைப் போல: உங்கள் மனையைப் பெரிதாக்க வேண்டுமென்றால் ஒட்டியிருக்கும் மனை காலியாக இருக்க வேண்டும், இரண்டு வீடு தள்ளிக் கிடக்கும் காலி மனை உதவாது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் ஒரு பார்ட்டிஷனை வலப்பக்கம் மட்டும்தான் நீட்டும். ஷ்ரிங்க் செய்யும்போதும் கடைசியில், அதாவது வலப்பக்கத்தில்தான் இடத்தை வெட்டி எடுக்கும். ஆகவே டி-யிலிருந்து எடுத்த 100 ஜிபி டி-க்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருக்கிறது. நடுவில் டி நிற்கிறது.

டிஸ்க் மேனேஜ்மென்டை மறுபடி திறந்து கீழ்ப்பாதியில் இருக்கும் பட்டையைப் பாருங்கள். மேலே இருக்கும் பட்டியலைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம், அது டிஸ்க்கில் இருக்கும் வரிசையைக் காட்டாது. கீழே இருக்கும் படம்தான் இடமிருந்து வலமாக உண்மையான வரிசை. பெரும்பாலும் இப்படித் தெரியும்: முதலில் 100 அல்லது 260 எம்பி அளவில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் (கணினியைத் தொடங்கிவைக்கும் ஃபைல்கள் இருக்கும் இடம்), அடுத்து சி, அடுத்து டி, பிறகு கறுப்புத் தலைப்போடு ‘அன்அலோகேட்டட்’ (எதற்கும் ஒதுக்காத) 100 ஜிபி, கடைசியில் சில நூறு எம்பிக்கு ரெக்கவரி பார்ட்டிஷன். இஎஃப்ஐக்கும் சி-க்கும் நடுவில் 16 எம்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஒதுக்கீட்டுப் பார்ட்டிஷன் ஒன்றும் இருக்கும், இந்தப் படத்தில் அது தெரியாது. மொத்தம் 476 ஜிபி என்று காட்டுவதைப் பார்த்து இடம் காணாமல் போனதாக நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஜிபியை 1000-இன் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

வேலையில் இறங்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சி-யைப் பெரிதாக்கியே ஆக வேண்டுமா? டி காலியாக இருக்கிறது என்றால் பொருளை அங்கே நகர்த்தினாலே போதுமானதாக இருக்கலாம். டவுன்லோட்ஸ், டாகுமென்ட்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களின் ப்ராப்பர்டீஸில் ‘லொகேஷன்’ என்ற டேப் இருக்கிறது, அதில் டி-யில் ஒரு ஃபோல்டரைக் காட்டி ‘மூவ்’ கொடுத்தால் முழுதும் அங்கே போய்விடும். ஒன்டிரைவ் அந்த ஃபோல்டரைப் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். கேம்கள் இருந்தால் ஸ்டீமில் டி-யில் இன்னொரு லைப்ரரி உருவாக்கி அங்கே மாற்றலாம். ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் வசதி) பயன்படுத்தாதவர் அதை அணைத்தால் ரேமில் சுமார் 40 சதவீத அளவுக்கு இடம் திரும்பும்; 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு தங்கும் பழைய விண்டோஸ் ஃபைல்களை செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியாகப் போய் அழிக்கலாம். இதிலேயே 40, 50 ஜிபி கிடைத்துவிட்டால் பார்ட்டிஷனைத் தொடாமல் விடுவதுதான் புத்திசாலித்தனம்.

போதவில்லையா, சரி. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, டி-யை அப்படியே வலப்பக்கம் நகர்த்துவது. விண்டோஸில் இந்த வசதி கிடையாது. ஜிபார்ட்டெட் போன்ற கருவியை யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து செய்யலாம், அல்லது விண்டோஸிலேயே ஓடும் பார்ட்டிஷன் மென்பொருள்களை வைத்துச் செய்யலாம். இரண்டு, டி-யில் இருப்பதை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, டி-யை அழித்து, சி-யை நீட்டி, மீதி இடத்தில் புதிய டி-யைப் போடுவது.

எல்லோருக்கும் முதல் வழிதான் பிடிக்கும், ஒன்றும் அழியாததுபோல் தெரிவதால். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நகர்த்துவது என்றால் டி-யில் இருக்கும் தரவை ஒவ்வொரு பிளாக்காகப் படித்து வேறு இடத்தில் எழுதுவது. பாதியில் மின்சாரம் போனாலோ கருவி நின்றுபோனாலோ பழைய இடத்திலும் முழுதாக இருக்காது, புதிய இடத்திலும் முழுதாக இருக்காது. அதனால் நகர்த்துவதற்கு முன்பும் பேக்கப் எடுத்தே தீர வேண்டும். பேக்கப் கையில் இருக்கிறது என்றால் அப்புறம் எதற்கு நகர்த்த வேண்டும்? அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது வேகம், ஒவ்வொரு படியிலும் என்ன நடந்தது என்று கண்ணால் பார்க்கலாம், விண்டோஸில் இருக்கும் கருவியே போதும். டி-யில் இருப்பது 100 ஜிபி சொச்சம், ஒரு சாதாரண வெளி டிஸ்க்கில் அடங்கிவிடும்.

உங்கள் கணக்கை எடுத்துக்கொண்டே செய்து பார்ப்போம். டி-யில் இருப்பதை, மறைந்திருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்து, வெளி டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள். இரண்டு பக்கமும் ப்ராப்பர்டீஸில் ஃபைல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், நாலைந்து ஃபைலைத் திறந்தும் பாருங்கள், பிறகு வெளி டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கழற்றுவதை விட்டுவிடாதீர்கள்: டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இரண்டு பட்டை இருக்கும்போதுதான் தவறான டிரைவ் அழிகிறது. இனி டி-யின் மேல் ‘டிலீட் வால்யூம்’. ஏற்கெனவே எடுத்த 100 ஜிபியும் இதுவும் சேர்ந்து சுமார் 355 ஜிபிக்கு ஒரே கறுப்புத் துண்டாகிவிடும், அதுவும் சி-யை ஒட்டி. இப்போது சி-யின் மேல் எக்ஸ்டெண்ட் வால்யூம் உயிர் பெற்றிருக்கும். அதைச் சொடுக்கினால் வரும் விஸார்ட் முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளத் தயாராக நிற்கும், அப்படியே நெக்ஸ்ட் கொடுத்துவிடாதீர்கள். அளவு எம்பியில் கேட்கும். 105 ஜிபி வேண்டுமென்றால் 105-ஐ 1024-ஆல் பெருக்கி 107520 என்று போடுங்கள். சி 225 ஜிபியாகிவிடும். அடுத்து கறுப்புத் துண்டில் ‘நியூ சிம்பிள் வால்யூம்’, அளவு 153600, அதாவது 150 ஜிபி. எழுத்து மறுபடியும் டி என்றே கொடுங்கள். பழைய ஷார்ட்கட்டுகளும், டி-யைக் காட்டி வைத்திருக்கும் செட்டிங்குகளும் அப்படியே வேலை செய்யும். ஃபார்மட் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்), க்விக் ஃபார்மட். காப்பியைத் திரும்பக் கொண்டு வாருங்கள். மீதி சுமார் 100 ஜிபியைத் தொடாமல் விடுங்கள், லினக்ஸுக்கு அதுதான்.

டி-யில் புரோகிராம்களை இன்ஸ்டால் செய்து வைத்திருந்தால் அவை ஃபைல்களைத் திரும்பப் போட்டதும் பெரும்பாலும் ஓடும், சில முரண்டு பிடிக்கும். அவற்றை முன்பே அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் பிறகு போடுவது தொல்லையில்லாதது.

சிலருக்கு வரிசை வேறு மாதிரி இருக்கும்: சி-யை ஒட்டியே ரெக்கவரி பார்ட்டிஷன், அதற்குப் பிறகு டி. இது பயனர் செய்தது அல்ல. விண்டோஸைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும்போது பழைய ரெக்கவரி பார்ட்டிஷன் சிறிதாக இருந்தால், இன்ஸ்டாலரே சி-யின் வாலை வெட்டி அங்கே புதிதாக ஒன்றைப் போட்டுவிடும். அப்போது டி-யை அழித்தாலும் எக்ஸ்டெண்ட் மங்கலாகவே இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் ரெக்கவரியை ரைட் கிளிக் செய்தால் அழிக்கும் வழியும் வராது. அந்தப் பார்ட்டிஷனில் இருப்பது விண்டோஸ் பூட் ஆகாதபோது வரும் மீட்புச் சூழல். விண்டோஸ் பார்ட்டிஷன் குறியாக்கத்தில் இருந்தாலும் அது தனியாக எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் தனி இடம். கட்டளைத் திரையை நிர்வாகி உரிமையோடு திறந்து ரீஏஜென்ட்சி என்ற கருவியால் அதை முதலில் முடக்க வேண்டும். முடக்கியதும் அதன் ஃபைல் சி-க்குள் வந்துவிடும். அதன் பிறகே விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் என்ற கருவியில் அந்தப் பார்ட்டிஷனை அழிக்கலாம். சி-யை நீட்டும்போது 1 ஜிபியாவது விட்டுவைத்து, அங்கே புதிய ரெக்கவரி பார்ட்டிஷன் அமைத்து, அதே கருவியால் மறுபடி இயக்குங்கள். 1 ஜிபி ஏன் என்றால், 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இல்லாத கணினிகளில் எல்லாம் தோற்றுப்போனது. நெருக்கிப் பிடித்துக் கொடுத்தால் அந்தத் தலைவலி திரும்ப வரும்.

டிஸ்க்பார்ட் கட்டளைக் கருவி என்பதால் கேள்வி கேட்காது. எந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதில் சொன்னதைச் செய்யும். ‘க்ளீன்’ என்ற ஒரு சொல் முழு டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையையும் துடைத்துவிடும். ஒவ்வொரு கட்டளைக்கும் முன் டிஸ்க் பட்டியலையும் பார்ட்டிஷன் பட்டியலையும் போட்டு, நட்சத்திரக் குறி எதன் முன் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அடியுங்கள். ரெக்கவரி என்ற பெயரில் 10, 20 ஜிபி அளவில் ஒன்று இருந்தால் அது லேப்டாப் தயாரிப்பாளர் வைத்த ஃபேக்டரி இமேஜாக இருக்கலாம். அதை அழிக்கும் முன் அவர்கள் தரும் கருவியால் ஒரு ரெக்கவரி யுஎஸ்பி செய்துகொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம். இதை நடுவில் சொல்வதால் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம், இந்த வேலையில் மொத்தத் தரவையும் இழக்கும் ஆபத்து இங்கே இருக்கிறது. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ தானாகவே இயங்கியிருக்கும், பயனருக்கே தெரியாது. பார்ட்டிஷனையோ பூட் அமைப்பையோ மாற்றிய பிறகு கணினி 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டால், அது இல்லாமல் உள்ளே போக வழியே இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அந்தக் கீ இருக்கிறதா என்று வேறொரு கணினியிலோ போனிலோ பாருங்கள், ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பக்கம் போய் பாதுகாப்பை ‘சஸ்பெண்ட்’ செய்துவிட்டு ஆரம்பியுங்கள். ஹோம் பதிப்பில் அந்தப் பக்கம் இருக்காது. செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷனையே அணைத்து, டீக்ரிப்ட் ஆகி முடியும்வரை காத்திருங்கள்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் ஒன்று உண்டு. சி-யில் 150 ஜிபி காலியாக இருக்கும், ஷ்ரிங்க் செய்யப் போனால் 8 ஜிபிதான் முடியும் என்று சொல்லும். சி-யின் கடைசிப் பகுதியில் அசைக்க முடியாத ஒரு ஃபைல் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது), ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோருக்கான ஸ்னாப்ஷாட்கள், என்டிஎஃப்எஸின் எம்எஃப்டி (ஃபைல்களின் அட்டவணை), இவற்றில் ஏதாவது ஒன்று. எது என்று ஊகிக்கத் தேவையில்லை. ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதில் அப்ளிகேஷன். ஷ்ரிங்க் செய்யப் பார்த்த நேரத்தில் 259 என்ற எண்ணோடு டீஃப்ராக் பெயரில் ஒரு பதிவு விழுந்திருக்கும். அதைத் திறந்தால் தடையாக நிற்கும் கடைசி ஃபைலின் பெயரே எழுதியிருக்கும். பேஜ் ஃபைல் என்றால் தற்காலிகமாக ‘நோ பேஜிங் ஃபைல்’ என்று வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஹைபர்னேட்டை அணையுங்கள். சிஸ்டம் ப்ரொடெக்ஷனை நிறுத்தி ரெஸ்டோர் பாயின்ட்களை அழியுங்கள். மறுபடி ஷ்ரிங்க் செய்து பாருங்கள். வேறொரு ஃபைல் தடுத்தால் மறுபடி 259-ஐப் பாருங்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி இயக்கிவிட மறக்காதீர்கள்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறையில் இருந்தால் பிரைமரி பார்ட்டிஷன் நான்குதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி அதற்குள் லாஜிக்கல் டிரைவ்கள். நான்கு பார்ட்டிஷன் அட்டவணை 1983-இல் டாஸ் 2.0-உடன் வந்தது, எக்ஸ்டெண்டட் பிற்பாடு சேர்ந்தது. செக்டார் முகவரிக்கு 32 பிட்தான் என்பதால் 512 பைட் செக்டாரில் சுமார் 2.2 டிபிக்கு மேல் எம்பிஆரால் எட்ட முடியாது. அந்த முறையில் டி ஒரு லாஜிக்கல் டிரைவாக இருந்தால், அழித்த பிறகு இடம் கறுப்பாக அல்ல, பச்சையாகத் தெரியும். அது எக்ஸ்டெண்டட்டுக்குள்ளேயே இருக்கும் காலி, சி-க்கு உதவாது. பச்சையையும் ஒருமுறை அழித்தால்தான் கறுப்பாகும். இன்னொன்று: நான்கு பிரைமரி இருக்கும்போது ஐந்தாவது போடப் போனால், டிஸ்க்கை ‘டைனமிக்’ ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். ‘நோ’ கொடுங்கள். டைனமிக் ஆனபின் அதில் லினக்ஸ் போடுவது பெரும்பாடு. டிஸ்க் மேனேஜ்மென்டில் பழையபடி பேசிக் ஆக்க எல்லா வால்யூம்களையும் அழிக்க வேண்டியிருக்கும்.

ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறையில் இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸில் 128 பார்ட்டிஷன் வரை போகும், அட்டவணையின் பிரதி ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். டிஸ்க் 0-இன் ப்ராப்பர்டீஸில் ‘வால்யூம்ஸ்’ டேப்பில் உங்களுடையது எது என்று பார்க்கலாம். விண்டோஸ் 11-ஓடு வந்த லேப்டாப் என்றால் ஜிபிடிதான். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது, தரவு அழியாமல் மாற்றும். ஆனால் பிரைமரி மூன்றுக்கு மேல் இருந்தாலோ எக்ஸ்டெண்டட் இருந்தாலோ அது மறுத்துவிடும்.

இனி லினக்ஸ். அது சி-யை ஒட்டி இருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை, கறுப்புத் துண்டு எங்கே இருந்தாலும் போதும். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைச் சுருக்கும் வேலையை எப்போதும் விண்டோஸிலேயே முடித்துவிடுங்கள், லினக்ஸ் இன்ஸ்டாலரிடம் விட வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது இயங்கினால் ஷட்டவுன் செய்தும் சி அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸ் அதை எழுத முடியாதபடிதான் திறக்கும், வலிந்து எழுதினால் ஃபைல் சிஸ்டம் கெடும். இன்ஸ்டால் செய்யும்போது ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையே பயன்படுத்தச் சொல்லுங்கள், ஃபார்மட் செய்யச் சொல்லாதீர்கள். உபுண்டு போன்றவற்றுக்கு 100 எம்பியே போதும். கெர்னலையே (லினக்ஸின் மையப் பகுதி) அங்கே வைக்கும் டிஸ்ட்ரோக்களுக்கு, அதாவது லினக்ஸ் வகைகளுக்கு, போதாது. 100 ஜிபியில் ரூட் (சிஸ்டம்), ஹோம் (உங்கள் ஃபைல்கள்) என்று பிரிக்காமல் ஒரே இஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) ஆகப் போடுவதுதான் என் விருப்பம். ஸ்வாப்புக்கு (ரேம் நிரம்பினால் பயன்படும் இடம்) தனி பார்ட்டிஷன் வேண்டியதில்லை, உபுண்டு 17.04-இலிருந்தே ஸ்வாப் ஃபைலாக வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் பொதுவான ஃபைல்களுக்கு உங்கள் டி இருக்கிறது. அது என்டிஎஃப்எஸாகவே இருக்கட்டும். இரண்டும் படிக்கும் இன்னொரு ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங் (மாற்றங்களை முதலில் குறித்து வைப்பது) கிடையாது, திடீரென்று அணைந்தால் தாங்காது.

பிற்காலத்தில் லினக்ஸ் வேண்டாம் என்று அதன் பார்ட்டிஷனை அழிப்பதற்கு முன், பயாஸில் பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜரை’ முதலில் வையுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கறுப்புத் திரையில் லினக்ஸின் பூட் கருவியான க்ரப் மட்டும் வந்து நிற்கும்.

இவ்வளவு பிரிக்க வேண்டுமா என்றும் கேட்கலாம். சி, டி, ஈ, எஃப் என்று நாலைந்தாகப் பிரிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் வெளிவட்டம் வேகமானது என்பதால் முதல் பார்ட்டிஷனுக்கு ஒரு சின்ன லாபம் இருந்தது. எஸ்எஸ்டியில் அதுவும் இல்லை. எழுதும் இடத்தை அதன் கன்ட்ரோலரே முழு டிஸ்க்கிலும் பரப்பிக்கொள்ளும், நீங்கள் போட்ட கோடு அதற்குப் பொருட்டில்லை. ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் கொஞ்சம் கொஞ்சம் காலி சிதறிக் கிடப்பதும், ஒன்று நிரம்பி மற்றது காலியாக இருப்பதும்தான் மிச்சம். விண்டோஸைத் துடைத்துப் புதிதாகப் போடும்போது டி பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மையான நன்மை. அதற்கு ஒரு டி போதும். ஆனால் டி-யை பேக்கப் என்று எண்ணிவிடாதீர்கள். டிஸ்க் போனால் சி-யும் டி-யும் சேர்ந்தே போகும்.

தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது? ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று பெட்டி வந்தால் கேன்சல். ‘இனிஷியலைஸ்’ என்று வந்தாலும் கேன்சல். அந்த டிஸ்க்கில் ஒரு ஃபைல்கூட எழுதாமல், யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியை ஓட்டிப் பாருங்கள், அட்டவணை மட்டும் கெட்டிருந்தால் பழைய பார்ட்டிஷனை அது பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். சுழலும் டிஸ்க்கில் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் நிலைமை வேறு: டிலீட் வால்யூமும் ஃபார்மட்டும் செய்யும்போதே ‘இந்த இடத்தில் இருப்பது இனி வேண்டாம்’ என்று சொல்லும் ட்ரிம் கட்டளையை விண்டோஸ் அனுப்பிவிடுவதால், எஸ்எஸ்டி அந்த இடத்தைத் தானே துடைக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் மேலே ஃபைல் எண்ணிக்கையைச் சரிபார்க்கச் சொன்னேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ரீஸ்டார்ட் செய்து, நிறுத்தி வைத்த பிட்லாக்கரை மறுபடி இயக்குங்கள். ரீஏஜென்ட்சியில் மீட்புச் சூழல் ‘எனேபிள்ட்’ என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். வெளி டிஸ்க்கில் இருக்கும் காப்பியை ஓரிரு வாரமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.